அம்மாவின் விரலும் கோப்பிச் சக்கையும்

நான் வேலை செய்யும் கடையில் தேத்தண்ணி கிடையாது. கொட்டகலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பெரிய பாதையில், இரண்டு பக்கமும் தேயிலை மலை இருக்க, நடுவில் நாங்கள் கோப்பி மட்டும் விற்கிறோம். வெள்ளைக்காரர்கள் வேனை நிறுத்தி இறங்கி, பார்க்கும் இடமெல்லாம் தேயிலையாக இருக்கிறதே என்று படம் எடுத்துவிட்டு, உள்ளே வந்து கோப்பி கேட்பார்கள். எங்கள் ஆட்கள் இந்த மலைகளுக்கு முதன்முதலில் வந்ததே கோப்பி பறிக்கத்தானாம், தேயிலை பிறகு வந்ததாம். அந்த வகையில் நான் பரம்பரை வேலைக்கே திரும்பியிருக்கிறேன் என்று முதலாளி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அப்போதெல்லாம் ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

கோப்பி மெஷினில் ஒரு கோப்பைக்கு ஒரு சக்கை விழும். வட்டமாக, கெட்டியாக, சின்ன வரட்டி போல இருக்கும். தட்டிய கையோடு தொட்டால் நல்ல சூடு. காலையில் கடை திறக்கிற நேரம் குளிரில் விரல் மடங்காது. முதல் சக்கையை ஒரு துணியில் போட்டு, இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். சூடு ஆறியதும் வாளியில் கொட்டிவிடுவேன். இதை ஒரு வருடமாகச் செய்து வந்தேன், செய்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல்.

வாளி சாயங்காலத்துக்குள் நிறைந்துவிடும். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றிக் கழுவும் தொட்டியில் விட்டோம். மூன்றாம் மாதம் குழாய் அடைத்து, கடைக்குள் கறுப்புத் தண்ணீர் ஏறியது. முதலாளி அன்றைக்குப் பரம்பரைக் கதை எதுவும் சொல்லவில்லை. "இத எங்கயாவது கொண்டு போய்த் தொலைச்சிரு" என்றார். எனக்கு ஒரு பொருளைச் சும்மா தூக்கிப் போட மனசு வராது. அது என் கெட்ட குணம். வாளியோடு பஸ் ஏறி, தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் வீடு இருக்கும் லயத்துக்குக் கொண்டு போனேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறாள். அன்றைக்குக் கூடையை இறக்கிவிட்டு வந்தவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி இது, கடைக்காரரு சம்பளத்துக்குப் பதிலா குடுத்தாரா?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன் பல் ஒன்றைப் பிடுங்கிய நாளிலிருந்து அம்மா அப்படித்தான் சிரிப்பாள்.

குடித்து முடித்த தேயிலைச் சக்கையை ரோசாச் செடிக்குப் போடுவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். தேயிலைக்கு ஒத்து வருவது கோப்பிக்கும் ஒத்து வரும் என்று நினைத்தேன். லயத்துக்குப் பின்னால் அம்மா லீக்ஸ் நட்டிருந்த பாத்தி முழுக்க, மண் தெரியாமல், வாளி வாளியாகக் கொட்டினேன். பத்து நாளில் அது காய்ந்து சிமெந்து பூசியது போல இறுகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் மேலாலேயே ஓடிப் பக்கத்து வீட்டு வடிகானில் விழுந்தது. லீக்ஸ் ஒரு விரல் கூட வளரவில்லை. அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் சுரண்டி ஒரு மூலையில் குவித்தாள்.

அந்த மூலைக் குவியலோடு சாணியும் இலைச் சருகும் கலந்து கிடந்து, மூன்று மாதத்தில் நல்ல எருவாகிவிட்டது. அதைக் கொஞ்சமாகப் போட்டதும் பாத்தியில் கோவா இலை மூடி உருண்டையாகத் திரண்டு வந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது என்று சொல்ல வேண்டும். வெயில் வந்த நாளெல்லாம் சக்கையைச் சாக்கில் பரப்பிக் காயவைத்தேன். காய்ந்ததைக் கிண்ணத்தில் போட்டு ஃபிரிஜ்ஜுக்குள் வைத்தால் கருவாட்டு நாற்றம் போனது. பழைய காலுறையில் கட்டி மழையில் நனைந்த சப்பாத்துக்குள் திணித்தால் அந்த வாடையும் குறைந்தது. விறகடுப்பில் கரி பிடித்த சட்டியை இதைப் போட்டுத் தேய்த்தால் பளபளத்தது. லயத்துப் பெண்கள் கிண்டல் செய்துகொண்டே ஆளுக்கொரு டப்பா வாங்கிப் போனார்கள். முதலாளிக்கு விசயம் தெரிந்ததும், வாளியைத் தூக்கிக் கொடுக்கும்போது கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தார்.

இப்படி நான் சக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாளில்தான் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது.

பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா. கல்யாணம் முடித்த சூட்டோடு, புருசன் வீட்டாருக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்து, அவர்களோடு கப்பலேறிப் போனவள். கொட்டகலை ஸ்டேசனில் வழியனுப்பியபோது அம்மாவுக்குப் பதின்மூன்று வயது. பெரியம்மா அங்கேயும் தேயிலையிலேயே வேலை செய்து, இப்போது குன்னூர்ப் பக்கம் மகனோடு இருக்கிறாள். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை. கைப்பேசி வந்த பிறகு ஞாயிறானால், கிழமைக்கு ஒரு தடவை முகம் பார்த்துப் பேசுவார்கள், அப்போதும் அம்மா வாயைப் பொத்தித்தான் சிரிப்பாள். அந்த முறை பெரியம்மா திரையைப் பார்க்கவே இல்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒன் மொகம் தெரியலடி. வெறும் பொகையா இருக்கு. சக்கர வியாதி கண்ணுல எறங்கிருச்சாம். இந்தப் பார்வையும் கொஞ்ச நாளைக்குத்தான்னு டாக்டரு சொல்லிட்டாரு. கிட்டக்க வச்சுப் பாத்தா இன்னும் தெரியுது. பார்வ இருக்கும்போதே ஒன்ன ஒருக்கா பாத்துரணும்."

அம்மா போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடியே தலையை ஆட்டினாள். அது பெரியம்மாவுக்குத் தெரியாதே என்று நான்தான் பிடுங்கி, "கூட்டிட்டு வாறேன் பெரியம்மா" என்று சொன்னேன். டிக்கட் போட்டுத் தருவதாகப் பெரியம்மாவின் மகன் சொன்னார். என்னிடம் பாஸ்போட் இருந்தது. ஒரு காலத்தில் வெளிநாடு போகிறேன் என்று வீம்புக்கு எடுத்து, போகாமல் விட்டது. அம்மாவுக்குத்தான் எடுக்க வேண்டும். ஃபாரம் நிரப்பினேன், படம் எடுத்தோம், நுவரெலியாவில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கைரேகைக்கு விரல் வைக்க ஒரு நாள் கிடைத்தது. வேலை முடிந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

அங்கே ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. விரலை வைத்தால் பச்சை வெளிச்சம் வர வேண்டும். அம்மா வைத்தாள். சிவப்பு வந்தது. அடுத்த விரலுக்கும் சிவப்பு. கந்தோரில் இருந்தவர் ஒரு சிங்கள அம்மணி, எங்களை விட நல்ல பொறுமைசாலி. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையைத் திருப்பினார்.

"அம்மா, கையில என்னா செஞ்சது?"

நானும் அப்போதுதான் கவனித்தேன். கொழுந்து எடுக்கிறவர்களின் விரல் நுனியில் கொழுந்தின் சாற்றுக் கறை பிடித்து எப்போதும் கறுப்பாகவே இருக்கும். அம்மாவின் விரல்கள் வெளுத்துச் சிவந்து, வழவழவென்று இருந்தன. கல்யாணம், தேர் என்று வெளியே போவதற்கு முதல் நாள் எங்கள் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் உட்கார்ந்து, செங்கல் துண்டும் தேசிக்காய்ப் புளியும் போட்டு விரல் கறையைத் தேய்த்து எடுப்பார்கள். அம்மா பாஸ்போட்டுக்கும் அதையே செய்திருக்கிறாள். கறையோடு இருந்த கொஞ்சநஞ்ச ரேகையும் செங்கல்லோடு போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். அந்த அம்மணி முந்திக்கொண்டார். தோட்டத்து ஆட்கள் நிறையப் பேருக்கு ரேகை தேய்ந்துதான் இருக்கும், இரண்டு கிழமைக்குக் கொழுந்து எடுக்காமல், எண்ணெய் பூசிக் கையை ஆறவிட்டுக் கூட்டிக்கொண்டு வா என்று பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் சொன்னார். அப்படியும் சரிவராவிட்டால் வேறு ஒழுங்கு இருக்கிறதாம். ஆனால் கடிதம், மேலிடம் என்று நாளெடுக்குமாம். நாள்தான் எங்களிடம் இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"யாரும்மா ஒன்ன தேய்க்கச் சொன்னது? கேட்டியா என்கிட்ட?"

"கறுப்புக் கைய அந்த கந்தோரு நோனாகிட்ட எப்பிடிடி நீட்டுறது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா இரண்டு கையையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு கிழமை அவளை வீட்டில் நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஐந்தாம் நாள் நான் கடைக்குப் போனதும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் விரல் நுனி கறுத்திருந்ததில் பிடிபட்டாள். கொழுந்து முத்திப் போகுமாம், கங்காணி கூப்பிட்டாராம், மேல் மலை பச்சைப் பசேலென்று நிற்கும்போது வீட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருப்பதாம். "அக்கா பெருசா, கொழுந்து பெருசா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்றைக்கு இரவு அவள் சாப்பிடவில்லை.

புதிதாகப் பிடித்த கறையை எடுக்க என் சக்கை ஞாபகம் வந்தது. சட்டிக் கரியை எடுத்தது இதை எடுக்காதா என்று, ஈரச் சக்கையில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்து அம்மாவின் விரலில் அழுத்தித் தேய்த்தேன்.

"ஏன்டி, சட்டியா வெளக்குற?" என்று அம்மா கையை உதறினாள்.

சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். செங்கல்லுக்கு அவளைத் திட்டிவிட்டு, அதே வேலையை நானும்தான் செய்துகொண்டிருந்தேன். பிறகு மாவு சலிக்கும் அரிப்பில் சக்கையைச் சலித்து, மிருதுவானதை மட்டும் எண்ணெயில் கலந்து, தேய்க்காமல் பூசி ஊறவைத்துத் துடைத்துவிட்டேன். கறை கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. செங்கல் தேய்த்த இடத்து வெடிப்பும் மூடியது. இதில் சக்கையின் பங்கு எவ்வளவு, எண்ணெயின் பங்கு எவ்வளவு, அம்மாவை வீட்டில் கட்டிப்போட்ட என் வாயின் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பத்தாம் நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரலில் மெல்லிய வரி தெரிந்தது.

இரண்டாம் தடவை போன நாள் நல்ல மழை. பஸ்ஸுக்குள் எல்லாம் சாரல். வரிசையில் நின்று உள்ளே போனபோது அம்மாவின் கை விறைத்துப்போயிருந்தது. அந்த அம்மணி எங்களை அடையாளம் கண்டு சிரித்தார். கையைத் திருப்பிப் பார்த்து, "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று மெச்சினார். ஆனால் பெட்டி மெச்சவில்லை. சிவப்புக்கு மேல் சிவப்பு. கடைசியில் அவரே எழுந்து வந்து, அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டு உடனே பெட்டியில் வைத்தார். பச்சை! அடுத்த விரலும் பச்சை. மூன்றாவது விரலுக்குள் சூடு ஆறிவிட்டது, திரும்பத் தேய்த்தும் பிடிக்கவில்லை.

"ரேகை இப்ப இருக்கு," என்றார். "கைதான் ஐஸ். சூடா இருந்தா வரும். அடுத்த கெழமை வாங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவின் மகன் பேசினார். பெரியம்மாவுக்கு இப்போது ஆட்களைக் குரலை வைத்துத்தான் தெரிகிறது, ஜன்னல் பக்கம் மிகக் கிட்ட வந்தால் மட்டும் முகம் தெரிகிறது என்றார். அம்மா அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய், வேலை எதுவும் இல்லாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை கடையில் வழக்கம்போல முதல் சக்கையைத் துணியில் போட்டுக் கைக்குள் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொரு குளிர் நாள் வந்தால் என்ன செய்வது, சுடுதண்ணி கொண்டு போய்க் கையை நனைத்தால் விரல் ஊறிச் சுருங்கிவிடுமே என்று யோசித்துக்கொண்டே நின்றேன். என் விரல்கள் நன்றாக மடங்கி நீண்டன. கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாகக் கையிலேயே வைத்திருந்ததை ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். என்னை நானே நல்ல வார்த்தையில் திட்டிக்கொண்டேன்.

பழைய ஃபிளனல் துணியில் இரண்டு பை தைத்தேன். சோறு கொண்டு போகும் அகல வாய் ஃபிளாஸ்க் ஒன்று இருந்தது, அதற்குள் வைத்தால் சூடு ஆறாது. சக்கை மட்டும் புதிதாக, சூடாக வேண்டும். பஸ் வரும் நேரத்தில் கடைக்கு ஒரு வெள்ளைக்காரனும் வரமாட்டான். கோப்பி குடிக்க ஆள் இல்லாமல் சக்கைக்கு எங்கே போவது? தயங்கித் தயங்கி முதலாளியிடம் விசயத்தைச் சொன்னேன்.

"அம்மாவ கூட்டிட்டு வா. நான் வெள்ளன வந்து மெசின போட்டு வைக்கிறேன்."

சொன்ன மாதிரியே வந்து நின்றார். பை இரண்டும் நிறையப் பன்னிரண்டு கோப்பி போட வேண்டியிருந்தது. கீழே ஊற்ற அவருக்கு மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. நான் நான்கு குடித்தேன். அம்மா ஒன்று குடித்து, "என்னாடி இது, கசாயம்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டாவதையும் குடித்தாள். மிச்சம் ஆறையும் முதலாளி குடித்தார். எங்களை பஸ் ஏற்றிவிட்டபோது, குடித்த ஆறு கோப்பியில் அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். அன்றைக்குப் பிறகு அவருடைய பரம்பரைப் பகிடிக்கு நான் சிரிக்கத் தொடங்கினேன்.

நுவரெலியாவில் மூடுபனி, முன்னால் நிற்கிறவர் தெரியவில்லை. வரிசையில் நின்றபடி ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். பைகள் அப்போதும் நல்ல சூடு. அம்மாவின் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்து, மேலே சால்வையைச் சுற்றிவிட்டேன். எங்கள் முறை வந்ததும் ஒரு கையில் இருந்த பையை எடுத்து, விரலைத் துடைத்துவிட்டு அம்மாவை முன்னால் தள்ளினேன்.

அந்த அம்மணி மூக்கைச் சுருக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். "கோப்பி வாசம்?"

நான் பையைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு அம்மாவின் கையைத் தொட்டார். சிரிப்பு நின்றது. அவசரமாகப் பெட்டியைத் திருப்பி வைத்தார்.

பச்சை. பச்சை. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நடுவில் ஒரு தடவை அவர் "அம்மே, சூடு, சூடு" என்றார். அம்மா மற்றப் பையை இறுக்கிப் பிடித்துக் கையை மாற்றிக் கொடுத்தாள். கடைசி விரலுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஹரி, சரி, அம்மே," என்றார் அந்த அம்மணி. "எல்லாம் வந்துட்டு. போயிட்டு வாங்க."

வெளியே வந்து மதில் ஓரமாக உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, தன் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்களை அவள் அப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு பசிக்கிறது என்றாள். சந்திக் கடையில் ரொட்டி சாப்பிட்டோம், பிளேன்டீ குடித்தோம். அதுதான் டீ என்றாள்.

பாஸ்போட் வந்தது, விசா வந்தது. அதற்குள் இன்னும் ஐந்து கிழமை ஓடிவிட்டது. திருச்சியில் இறங்கி, பஸ் மாறி மாறிக் குன்னூர் போய்ச் சேரும்வரை பெரியம்மாவுக்கு இன்னும் முகம் தெரியுமா என்று ஒன்றைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

பெரியம்மா ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் முகத்தைத் திருப்பினாள், ஆனால் எங்கள் பக்கம் இல்லை, கொஞ்சம் தள்ளி, சுவர்ப் பக்கம். அம்மா போய் முன்னால் மண்டியிட்டாள். தன் இரண்டு கையையும் அக்காவின் மடியில் வைத்தாள்.

பெரியம்மா அந்தக் கையைத் தடவினாள், மோந்து பார்த்தாள். எண்ணெயும் சக்கையும் பூசும் பழக்கத்தை அம்மா அப்போதும் விட்டிருக்கவில்லை.

"கோப்பி வாசம் அடிக்குதே. யாரு?"

அம்மா அழுதபடியே சிரித்துவிட்டாள். இரண்டு கையும் அக்காவின் பிடியில் இருந்ததால் வாயைப் பொத்த முடியவில்லை. பெரியம்மா அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி கிட்டக் கொண்டுவந்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி," என்றாள் பெரியம்மா. "முன்பல்லு எங்கடி?"

பல்லைப் பிடுங்கி ஒரு வருடத்துக்கு மேலாகியும் அம்மா அதை அக்காவிடம் சொன்னதே இல்லை.